நீதிபதிக்கு ஓட்டுப் போடுமுன் எங்கே போய் விசாரிப்பது?

கேள்வி, 12 அக்டோபர் 2025

அக்கா, போன வருஷம்தான் எனக்கு சிட்டிசன்ஷிப் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இது என் இரண்டாவது ஓட்டு. தபால் ஓட்டுச் சீட்டைப் பிரித்தால் பாதிக்குப் பாதி நீதிபதிகள் பெயர். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மூன்று பேர், கீழே எங்கள் கவுண்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிபதி ஒருவர். "இவர் இன்னொரு தவணை பதவியில் தொடரலாமா? ஆம், இல்லை." அவ்வளவுதான் கேள்வி. கட்சிப் பெயர்கூட இல்லை. ஆளையே தெரியாமல் என்ன பதில் சொல்வது? ஆபீசில் கேட்டால் எல்லாரும் 'ஆம்' போட்டுவிடுவோம் என்கிறார்கள். நானும் அப்படியே போட்டு அனுப்பிவிடவா?

12 அக்டோபர், இரவு

அனுப்பாதே. மூன்று வாரம் இருக்கிறது.

எனக்குக் குடியுரிமை வந்தது 2011-இல். 2013-இல் முதல்முறை இதே கேள்வியைப் பார்த்தபோது நானும் வரிசையாக 'ஆம்' போட்டேன். வாக்குச்சாவடியில் பின்னால் ஆள் நிற்கிறார்களே என்ற பதற்றம். வக்கீல் குமாஸ்தா மகள் நான். தென்காசியில் அப்பாவின் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் வளர்ந்தவள். நீதிபதி எப்படிப்பட்டவர் என்பது அந்த வராந்தாவில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும். இங்கே ஓட்டுப் போடும் எனக்குத் தெரியவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

லூசர்ன் கவுண்ட்டி கதை தெரியுமா உனக்கு? நாளைக்கு எழுதுகிறேன். டூட்டிக்குக் கிளம்ப வேண்டும்.

13 அக்டோபர்

வில்க்ஸ்-பேரி, நிலக்கரியால் வாழ்ந்து நிலக்கரி ஓய்ந்ததும் தளர்ந்துபோன ஊர். சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் பெரிய குவிமாடத்தோடு நிற்கிறது லூசர்ன் கவுண்ட்டி நீதிமன்றம், 1909-இல் கட்டி முடித்தது. மார்க் சியவரெல்லா 1995 தேர்தலில் ஜெயித்து அங்கே நீதிபதி ஆனவர். சிறார் வழக்குகள் அவர் கையில் இருந்தன. மைக்கேல் கானஹன் 1993 தேர்தலில் வந்தவர், பிறகு தலைமை நீதிபதி.

கவுண்ட்டியே நடத்திவந்த பழைய சிறார் காப்பகத்தை 2002 கடைசியில் கானஹன் மூடவைத்தார். 2003 தொடக்கத்தில் பிட்ஸ்டன் பக்கம் தனியார் காப்பகம் ஒன்று திறந்தது. நம் ஊரில் கூர்நோக்கு இல்லம் என்கிறோமே, அந்த மாதிரி. அதைக் கட்டிய பில்டரும் அதில் பங்கு வைத்திருந்த வக்கீலும் இரண்டு நீதிபதிகளுக்கும் கொடுத்த பணம் சுமார் 28 லட்சம் டாலர். பில்டர் கொடுத்த பணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் தரகு. ஒரு பகுதி கூரியர் பெட்டிக்குள் ரொக்கமாகப் போனது. வக்கீலின் படகுக்குப் பெயர் 'ரீல் ஜஸ்டிஸ்'.

காப்பகம் நிறையப் பிள்ளைகள் வேண்டுமே. பென்சில்வேனியா முழுவதும் சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பத்துப் பேரில் ஒருவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார்கள் என்றால், சியவரெல்லா நாலு பேரில் ஒருவரை அனுப்பினார். பள்ளித் துணைத் தலைமையாசிரியரைக் கிண்டல் செய்து மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் போட்ட பெண்ணுக்கு மூன்று மாதம். இது 2007-இல். விசாரணை சில நிமிடம்தான். பாதிக்குமேல் பிள்ளைகளுக்கு வக்கீல் கிடையாது. அறைக்கு வெளியே ஒரு தாளை நீட்டி, "வக்கீல் வேண்டாம்" என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பெற்றோரும் போட்டார்கள். சின்னத் தப்புக்கு எதற்கு வக்கீல் செலவு என்று நினைத்திருப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

இந்த இரண்டு பேரையும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தொடரவிட்டார்கள். கானஹனுக்கு 2003-இல் 'ஆம்'. சியவரெல்லாவுக்கு 2005-இல் 'ஆம்'. உன் மேஜைமேல் இருக்கும் அதே கேள்வி.

14 அக்டோபர்

இப்போது என் கருத்து. நல்ல உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தினமும் ஒரு நிருபரைக் கோர்ட்டில் உட்காரவைத்திருந்தால் இது ஆறு மாதம்கூடத் தாங்கியிருக்காது. பத்திரிகை இல்லாத ஊரில் நீதிபதி தேர்தல் நடத்துவது கண்ணைக் கட்டி விடுவதுதான்.

15 அக்டோபர்

நேற்று எழுதியது தப்பு. தெரிந்தே அவசரப்பட்டுவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன்.

வில்க்ஸ்-பேரியில் பத்திரிகை இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு! அந்த அளவு ஊருக்கு இரண்டு தினசரி இருந்ததே அபூர்வம். 'டைம்ஸ் லீடர்' பத்திரிகையை வெளியூர் நிறுவனம் வாங்கியபோது ஊழியர்கள் 1978 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தொழிலாளர்களே சேர்ந்து 'சிட்டிசன்ஸ் வாய்ஸ்' என்று போட்டிப் பத்திரிகை தொடங்கினார்கள். சுரங்கத் தொழிலாளர் ஊர், சங்கம் என்றால் உயிர். சும்மா நாலு வாரம் ஓடும் என்று நினைத்தது நிலைத்துவிட்டது. ஆகப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த ஐந்து வருஷமும் அந்த ஊரில் இரண்டு செய்தி அறைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

அப்படியானால் ஏன் நடந்தது? இதற்கு எனக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. சேர்த்துவைத்துப் பார்க்கிறேன்.

18 அக்டோபர்

நிருபர்கள் தூங்கவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். நியாயம் அதுதான்.

2001-இலேயே ஒரு சிறுவனின் வழக்கில், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லாமல் தண்டித்தார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சியவரெல்லாவின் உத்தரவை ரத்து செய்தது. உள்ளூர்ப் பத்திரிகை அவரையே கேட்டது. இனி அப்படி நடக்காது என்றார். செய்தியும் வந்தது. அவ்வளவோடு முடிந்தது. அடுத்த மாதம் போய், அதற்கடுத்த மாதம் போய், நடக்கிறதா இல்லையா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2004-இல் கவுண்ட்டி அந்தத் தனியார் காப்பகத்தை 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. தொகை 5 கோடியே 80 லட்சம் டாலர். இது பெரிய செய்தி ஆனது. கவுண்ட்டியின் கணக்குத் தணிக்கை அதிகாரி மாநில அரசின் தணிக்கை வரைவைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். காப்பக நிறுவனம் வியாபார ரகசியம் வெளியே போகிறது என்று வழக்குப் போட்டது. அந்த வழக்கு ஆவணங்களுக்கு சீல் வைத்தவர் யார்? கானஹன். தனக்குப் பணம் வரும் இடத்தைப் பற்றிய காகிதத்தைத் தானே பூட்டிவைத்தார்!

அப்போது அது ஊருக்குத் தெரியாது. குத்தகை அதிகம், வரிப்பணம் வீண் என்ற கோணத்தில்தான் செய்தி ஓடியது. டாலரை எண்ணினார்கள். பிள்ளைகளை எண்ணவில்லை. எண்ணுவதும் சுலபமில்லை. பென்சில்வேனியாவில் சிறார் விசாரணை பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கிறது. பெரிய குற்றம் என்றால் மட்டும் சில வயதுக்குமேல் கதவு திறந்திருக்கும். பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது என்ற நல்ல காரணத்துக்காகப் போட்ட கதவு அது. அதன் பின்னால் யார் ஒளிந்துகொண்டார்கள் பார்.

ஆனால் கதவுக்கு வெளியே வராந்தா இருந்ததே? கையில் விலங்கோடு பிள்ளையை அழைத்துப்போகும்போது அம்மா அங்கே நின்று அழுதாளே? அந்த வராந்தாவில் யார் இருந்தார்கள்?

18 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

வராந்தாவில் எல்லாரும் இருந்தார்கள். அரசு வக்கீல், இலவச வக்கீல், நன்னடத்தை அலுவலர், பள்ளிக்கூடத்துக்காரர்கள். 2009-இல் மாநிலம் அமைத்த விசாரணைக் குழு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டது. அந்த வாக்குமூலங்களை ஒருமுறை இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். பெரிய சதி எதுவும் தெரியவில்லை எனக்கு. தினமும் நடப்பதால் அது வழக்கம் ஆகிவிட்டது. "இந்த நீதிபதி கொஞ்சம் கண்டிப்பு" என்று ஒரு பெயர். கண்டிப்பான நீதிபதி என்றால் ஊரில் மரியாதை. பள்ளிகள் அவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளிடம் பேசச் சொன்னார்கள்.

19 அக்டோபர்

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், பிறகு எப்படித்தான் வெளியே வந்தது என்று.

அந்த மைஸ்பேஸ் பெண்ணின் அம்மா போன் எடுத்து ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டார். பிலடெல்பியாவில் இருக்கும் சிறார் சட்ட மையம் போனை எடுத்தது. அவர்கள் வழக்குகளைத் திரட்டி 2008 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். 2009 ஜனவரி தொடக்கத்தில் நீதிமன்றம் ஒரு வரிகூடக் காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தது. அதே மாதம் 26-ஆம் தேதி மத்திய அரசு வழக்கறிஞர்கள் இரண்டு நீதிபதிகள்மீதும் குற்றச்சாட்டு வெளியிட்டார்கள். உடனே உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2009 அக்டோபரில் ஆயிரக்கணக்கான சிறார் வழக்குகளின் தீர்ப்புகளை ரத்து செய்தது. சியவரெல்லாவுக்கு 2011-இல் 28 வருஷம். கானஹனுக்குப் பதினேழரை வருஷம்.

கானஹனை 2020-இல் கொரோனா காரணம் காட்டி வீட்டுக்காவலுக்கு அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் அதிபர் பைடன் அவர் தண்டனையை முடித்துவைத்தார், ஏறக்குறைய 1,500 பேர் பட்டியலில் ஒரு பெயராக. அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு அந்தப் பெயர் யார் என்று தெரிந்திருக்குமா? வில்க்ஸ்-பேரியில் எந்த நிருபரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

23 அக்டோபர்

இத்தனை எழுதியும் விட்டுப்போன ஒன்று. என் மனசை அதிகம் தைப்பது இதுதான்.

அந்த 'சிட்டிசன்ஸ் வாய்ஸ்' பத்திரிகையே சியவரெல்லா முன்னால் பிரதிவாதியாக நின்றது. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் 2001-இல் வந்த செய்திகளுக்காக அவதூறு வழக்குப் போட்டிருந்தார். வழக்கை யாரிடம் அனுப்புவது என்பது கானஹன் கையில் இருந்தது. சியவரெல்லாவிடம் போனது. ஜூரி இல்லாமல் அவரே விசாரித்து 2006-இல் பத்திரிகைமீது 35 லட்சம் டாலர் நஷ்டஈடு போட்டார். பிறகு வெளிவந்த சாட்சியத்தில், கானஹன் ஒரு குற்றக் கும்பல் தலைவனோடு உணவகத்தில் அடிக்கடி காலைச் சாப்பாடு சாப்பிட்டது தெரிந்தது. வழக்கு நியாயமாக நடந்ததா என்ற சந்தேகம் எழுந்தது. 2009 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. புது நீதிபதி விசாரித்தார். பத்திரிகை ஜெயித்தது.

நினைத்துப் பார். நீ அந்த ஊர் நிருபர். காலையில் நீதிபதியைப் பற்றி விசாரிக்கப் போகவேண்டும். உன் முதலாளியின் 35 லட்சம் டாலர் அதே நீதிபதி கையில். இதைவிடப் பெரிய மிரட்டல் எது? போன் போட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தேவையில்லை.

அப்பா சொல்வார், "ஜட்ஜ் ஐயாவைப் பத்தி வராந்தாவுல பேசலாம், கேட்டுக்கு வெளிய பேசக்கூடாது." அப்போது அதை நாகரிகம் என்று நினைத்தேன். பயம் என்று இப்போது புரிகிறது. அவருக்கு அடுத்த வாய்தாவும் அதே கோர்ட்டில்தானே.

2023-இல் 'சிட்டிசன்ஸ் வாய்ஸ்', பக்கத்து ஸ்க்ராண்டன் ஊர்ப் பத்திரிகை எல்லாம் சேர்த்து ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன, ஆல்டன் என்று. ஊர்க்காரர்கள் தொடங்கிய பத்திரிகை.

24 அக்டோபர்

பொறு, 2005 நவம்பரைப் பற்றி 13-ஆம் தேதி ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அதற்குள் பெரிய விஷயம் இருக்கிறது.

பென்சில்வேனிய மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு மக்கள் 'இல்லை' போட்டு வீட்டுக்கு அனுப்பியது வரலாற்றில் ஒரே ஒருமுறை. ரஸ்ஸல் நைக்ரோ. எப்போது? அதே 2005 நவம்பர்! அந்த ஜூலையில் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு மாநில சட்டமன்றம் தனக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளத்தை ஏற்றிக்கொண்டது. பொது விசாரணை இல்லை, முன்னறிவிப்பு இல்லை. பத்திரிகைகள் நாலு மாதம் விடாமல் எழுதின. சட்டமன்றக்காரர்கள் அந்த வருஷம் தேர்தலில் இல்லை. கண்ணுக்கு எட்டியது நீதிபதிகள்தான். நைக்ரோவுக்கு அந்தச் சம்பள ஏற்றத்தில் ஓட்டே கிடையாது. ஆனாலும் கோபம் அவர்மேல் விழுந்தது.

ஆக, மக்கள் 'இல்லை' போடமாட்டார்கள் என்பது பொய். போடுவார்கள். அதே நாள், அதே சீட்டு, லூசர்ன் மக்கள் மேலே நைக்ரோ பெயரையும் பார்த்தார்கள், கீழே சியவரெல்லா பெயரையும் பார்த்தார்கள். கீழே இருந்தவர் தப்பித்தார். ஒன்று வீட்டு வாசலுக்குச் செய்தியாக வந்திருந்தது. மற்றது வரவில்லை.

உனக்கு நான் சொல்லவந்தது இதுதான் தம்பி. இதைத்தான் பத்து நாளாகச் சுற்றிச் சுற்றி எழுதுகிறேன்.

27 அக்டோபர்

பிலடெல்பியாக்காரர் ஒருவர் காபி டப்பா கதையை எழுதச் சொன்னார். எழுதுகிறேன், கொஞ்சம் சிரிக்கலாம்.

பிலடெல்பியாவில் நீதிபதி வேட்பாளர் பெயர் சீட்டில் எங்கே வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் என்ற அந்தக் காலத்து உணவகக் கம்பெனியின் பழைய காபி டப்பா ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் எண்கள். வேட்பாளர் கையை விட்டு எடுக்கவேண்டும். நல்ல எண் வந்தவர் துள்ளிக் குதிப்பார், கெட்ட எண் வந்தவர் அன்றே தேர்தலை விட்டு விலகுவதும் உண்டு. ஏனென்றால் ஆளைத் தெரியாத மக்கள் முதலில் கண்ணில் படும் பெயருக்குப் போட்டுவிடுகிறார்கள்.

நம் உத்திரமேரூர்க் குடவோலை நினைவு வந்தது.

27 அக்டோபர், மாலை

திருத்தம். டப்பா பெயரின் இடத்தை மட்டும்தான் தீர்மானிக்கிறது, ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. குடவோலையில் குடத்திலிருந்து வரும் ஓலையே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஆனால் ஒப்பீட்டை நான் விடுவதாயில்லை. பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் பெரும்பகுதி குலுக்கலைப் பற்றியது இல்லை. யார் பெயரைக் குடத்தில் போடவே கூடாது என்பதைப் பற்றியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் கூடாது. அவனுடைய உறவுக்காரர்கள் பெயரும் கூடாது, யார் யார் என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. குடத்துக்கு முன்னால் ஊரே கணக்குப் பார்த்திருக்கிறது. கானஹனும் சியவரெல்லாவும் வருஷா வருஷம் சொத்து, வருமான அறிக்கை கொடுத்தார்கள். அதில் அந்தப் பணம் இல்லை. கணக்கைக் கேட்டார்கள், சரிபார்க்கத்தான் ஆள் இல்லை.

29 அக்டோபர்

மேற்கு வர்ஜீனியா பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. அங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 12 வருஷத்துக்கு. 2017 நவம்பரில் சார்ல்ஸ்டன் நகர உள்ளூர் டிவியின் கென்னி பாஸ் என்ற நிருபர், தகவல் உரிமை மனுப் போட்டு நீதிமன்ற அறைகளைப் புதுப்பித்த செலவுக் கணக்கை வாங்கினார். 37 லட்சம் டாலர். ஆலன் லாஃப்ரி என்ற நீதிபதியின் அறையில் 32,000 டாலருக்கு ஒரு சோபா. தரையில் 7,500 டாலருக்கு மாநில வரைபடம், ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் ஒரு மரம், அவருடைய சொந்தக் கவுண்ட்டிக்கு மட்டும் கல். 2018 ஆகஸ்டில் சட்டமன்றக் கீழவை, பதவியில் மிச்சமிருந்த நாலு நீதிபதிகள்மீதும் பதவிநீக்கத் தீர்மானம் போட்டது. லாஃப்ரி சிறைக்குப் போனார்.

சோபாவை டிவியில் காட்டலாம். அடுப்படியில் நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வக்கீல் இல்லாமல் நிற்கும் பதினாலு வயசுப் பையனை எப்படிக் காட்டுவது?

அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்று டென்னசியில் ஒருத்தி காட்டினாள். நாஷ்வில் வானொலி நிருபர் மெரிபா நைட். ரதர்ஃபோர்டு கவுண்ட்டியில் 2016-இல் சின்னப் பிள்ளைகள் சண்டை போட்ட ஒரு வீடியோவுக்காக, சண்டையைத் தடுக்கவில்லை என்று 11 பிள்ளைகளைக் கைது செய்தார்கள். அப்படி ஒரு குற்றமே சட்டத்தில் இல்லை! கைது அன்றே உள்ளூரில் செய்தியானது, சத்தம் அடங்கியது. நைட் விடவில்லை. புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனத்தின் நிருபர் ஒருவரோடு சேர்ந்து பழைய கோப்பு, வழக்கு ஆவணம், நீதிபதி டோனா டேவன்போர்ட் உள்ளூர் ரேடியோவில் மாதாமாதம் பேசிய பேச்சு எல்லாவற்றையும் தோண்டினார். 2021 அக்டோபரில் வெளியிட்டார்கள். சிறார் நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளில் பிள்ளையை அடைத்துவைப்பது மாநிலம் முழுக்க 5 சதவீதம், அந்தக் கவுண்ட்டியில் 48 சதவீதம். டேவன்போர்ட் 2000 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். 2022 ஜனவரியில், மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

5, 48. இந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் முக்கியம். லூசர்னில் பத்துக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்ற எண்கள் எங்கோ ஒரு மாநிலக் கோப்பில் கிடந்தன. 15-ஆம் தேதி ஒரே பதில் இல்லை என்று எழுதினேன். இப்போது ஓரளவு இருக்கிறது. நிருபர் இருந்தால் போதாது. ஒரு நாள் செய்தியை எழுதிவிட்டுப் போகாமல், ஆறு மாதம் அதே கேள்வியோடு திரும்பிப்போக அவருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி வேண்டும்.

2 நவம்பர்

செவ்வாய்க்கிழமை தேர்தல். தம்பி, இன்னும் சீட்டு வீட்டில் இருந்தால் தபாலில் போடாதே, நேரில் போய்க் கொடு. அன்று இரவு 8 மணிக்குள் போய்ச் சேரவேண்டும்.

விசாரிக்கும் வழி கேட்டாயே, நான் செய்ததைச் சொல்கிறேன். பென்சில்வேனிய நீதிமன்றங்களின் இணையவாசலில் வழக்கு நடவடிக்கைக் குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் கவுண்ட்டி நீதிபதியின் வழக்குகளில் நாற்பதை எடுத்து வாய்தா எத்தனை, ஜாமீன் எவ்வளவு, வக்கீல் இருந்தாரா என்று ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மூன்று இரவு ஆனது. மேல்முறையீட்டில் அவர் தீர்ப்பு எத்தனை முறை திரும்பியது என்று பார்த்தேன். வழக்கறிஞர் சங்கம் கொடுக்கும் மதிப்பீட்டையும் பார்த்தேன். அதை மட்டும் நம்பாதே, அவர்களுக்கும் நாளைக்கு வாய்தா அங்கேதான். நீதிபதிமேல் வந்த புகார்கள் மட்டும் கிடைக்காது. முறையான குற்றச்சாட்டாக மாறும்வரை அவை ரகசியம். 2006-இல் கானஹனைப் பற்றி வந்த ஒரு மொட்டைக் கடிதம் அப்படித்தான் அலமாரியில் தூங்கியது.

தேர்தல் செலவுக் கணக்குக்குக் கவுண்ட்டி தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் "எதற்கு?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பொது ஆவணம், காரணம் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் ஏதோ திருட வந்தவள்போல நின்றேன். "படிக்க" என்றேன். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுத்தார். பணம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வக்கீல்கள். அது சட்டப்படி சரிதான். அந்தப் பெயர்களை நாற்பது வழக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கண்ணுக்குத் தப்பாக எதுவும் படவில்லை.

இதை ஒரு நிருபர் செய்தால் கவுண்ட்டி முழுவதும் படிக்கும். நான் செய்ததால் நீங்கள் இருபது பேர் படிக்கிறீர்கள்.

5 நவம்பர்

உச்ச நீதிமன்றத்து மூவரும், டோனஹ்யூ, டோகர்டி, வெக்ட், தொடர்கிறார்கள். தபால்பெட்டி நிறைய விளம்பரத் தாள், டிவி முழுக்க விளம்பரம். ஏப்ரலில் விஸ்கான்சினில் ஒரே ஒரு நீதிபதி இடத்துக்கு 10 கோடி டாலர் அளவுக்குக் கொட்டினார்களே, அதன் காற்று இங்கும் அடிக்கிறது. அவ்வளவு பணம் இறங்கிய தேர்தலில்கூடக் கவுண்ட்டி நீதிபதியைப் பற்றி ஒரு வரி இல்லை எந்தத் தாளிலும்.

நான் எங்கள் கவுண்ட்டி நீதிபதிக்கு 'ஆம்' போட்டேன். காரணத்தோடு போட்ட முதல் 'ஆம்'. தம்பி 'இல்லை' போட்டதாக எழுதியிருக்கிறான், அவன் கவுண்ட்டியில். காரணத்தையும் எழுதியிருக்கிறான், ஜாமீன் தொகை. நல்ல காரணம்.

18 நவம்பர்

நேற்று லீவு. கோர்ட்டுக்குப் போனேன். சிறார் விசாரணைக்கு விடமாட்டார்கள், அதனால் சாதாரணக் குற்ற வழக்குப் பட்டியல் நடக்கும் அறைக்கு. வாசலில் ஒரு பெரியவர் நின்றார். பென்சில்வேனியாவில் இவர்களை டிப்ஸ்டாஃப் என்பார்கள், அந்தக் காலத்தில் முனையில் பூண் போட்ட கோல் பிடித்து நின்றவர்கள். நம் டவாலிதான். தென்காசி டவாலியின் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் கண்முன் வந்தது. "எந்த வழக்கு?" என்றார். வழக்கு இல்லை, உட்கார்ந்து பார்க்க வந்தேன் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

பத்திரிகையாளர்களுக்கு என்று முன்வரிசையில் ஒரு பெஞ்ச். அதன்மேல் யாரோ குளிர்கோட்டுகளைக் குவித்துவைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது பேரைக் கூப்பிட்டார்கள். ஆறு பேருக்கு வக்கீல் இல்லை. அவர்களில் நாலு பேரிடம் நீதிபதி நிறுத்தி, வக்கீல் வேண்டுமா, எங்கே போய்க் கேட்பது என்று தெரியுமா என்று கேட்டார். இரண்டு பேரிடம் கேட்கவில்லை. பட்டியல் நீளம், மதியம் நெருங்கிவிட்டது. அந்த இரண்டு பேரின் அடுத்த தேதியைக் குறித்துவைத்திருக்கிறேன். இரண்டும் டிசம்பர் 4, வியாழன், காலை 9 மணி, மூன்றாம் மாடி.

அன்று எனக்கு டூட்டி. பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது போகமுடியுமா? செல்போனை எடுக்க விடமாட்டார்கள், நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். பெயர் வேண்டாம். கேட்டாரா, கேட்கவில்லையா என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.